45 பீரியடில் ஆறு: பொறியியல் மாணவரைத் தானாகப் படிக்கப் பழக்குவது எப்படி

அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளின் அச்சு எல்லா மாணவருக்கும் மனப்பாடம். இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. சீனியர் கொடுத்த கேள்வி வங்கி, ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் டூ மார்க்ஸ் கட்டு, தேர்வுக்கு முந்தைய நாலு நாள் லீவு இருந்தால் பாஸ் ஆகிவிடலாம். இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைப் படிக்கிறார்.

சிக்கல் வேலைக்குப் போன பிறகு வருகிறது. 2005-இல் சிவில் முடித்தவர் எஃகுக் கட்டுமானத்தை ஐ.எஸ். 800 என்ற இந்தியத் தரநிலையின் 1984 பதிப்பில், வொர்க்கிங் ஸ்ட்ரெஸ் முறையில் படித்திருப்பார். 2007-இல் அந்தத் தரநிலை லிமிட் ஸ்டேட் முறைக்கு மாறியது. மறுபடி வகுப்பெடுக்க அவருக்கு வாத்தியார் கிடையாது. கான்கிரீட் கலவைக்கான ஐ.எஸ். 10262 இதுவரை 1982, 2009, 2019 என மூன்று பதிப்பு கண்டுவிட்டது. பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. புதிய பதிப்பைக் கையில் எடுத்து, எது மாறியது, ஏன் மாறியது, என் கணக்கை அது எங்கே தொடுகிறது என்று தானே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்தில், மாணவர் பெற வேண்டிய விளைவுகளின் பட்டியலில் ‘வாழ்நாள் கற்றல்’ என்று நீண்ட காலம் 12-ஆவது விளைவாகவும் புதிய பட்டியலில் 11-ஆவதாகவும் இருப்பது இதுதான். பாடம் இந்த விளைவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று காட்டும் அட்டவணையில், பல துறைகளில் அந்தக் கட்டத்தில் ‘2’ என்று எழுதிவிட்டு, ஆதாரமாக நாலு ஆன்லைன் சான்றிதழைக் கோப்பில் செருகிவிடுகிறோம்.

கீழே சொல்வது அந்தக் கட்டத்துக்கு உண்மையான ஆதாரம் தரும் வேலை. மூன்று கிரெடிட் தியரி பாடத்துக்கு 45 பீரியட். அதில் ஆறு பீரியடை ஒதுக்கினால் போதும். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

தலைப்பு கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள்

‘வோல்டேஜ் ரெகுலேட்டர் பற்றிப் படித்து வாருங்கள்’ என்றால் 60 பேரும் ஒரே இணையப் பக்கத்தை நகல் எடுத்து வருவார்கள். அவர்கள் மீது தவறில்லை. அந்த வாக்கியத்தில் தேடுவதற்கு எதுவுமே இல்லை. அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: ‘12 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 ரெகுலேட்டர் ஐ.சி. வைத்து 5 வோல்ட், 0.5 ஆம்பியர் எடுக்க வேண்டும். ஹீட் சிங்க் (வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகத் துண்டு) இல்லாமல் முடியுமா? அறை வெப்பம் 35 டிகிரி.’

பாதி வகுப்பு டேட்டாஷீட்டின் (உற்பத்தியாளர் தரும் விவரத் தாள்) முதல் பக்கத்தைப் பார்த்து, ‘ஒரு ஆம்பியருக்கு மேல் தாங்கும் சார், முடியும்’ என்று சொல்லும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ரெகுலேட்டரில் வீணாகும் திறன் (12 − 5) × 0.5 = 3.5 வாட். டி.ஓ.-220 என்ற உறை வடிவத்துக்கு, ஜங்ஷனிலிருந்து (உள்ளே இருக்கும் சில்லு) காற்றுக்கான வெப்பத் தடை வாட்டுக்கு 65 டிகிரி என்று போட்டிருக்கும் தாளை எடுத்துக்கொண்டால், வெப்ப உயர்வு 227.5 டிகிரி. அறை வெப்பத்தையும் சேர்த்தால் 262.5. ஐ.சி. இயங்கும் உச்ச வரம்பு 125 டிகிரி. 262-ஐத் தொடுவதற்கு வெகு முன்பே உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு சப்ளையை நிறுத்திவிடும். முதல் பக்கத்து ஆம்பியர் எண் பொய்யில்லை, நிபந்தனையோடு கூடிய உண்மை. அந்த நிபந்தனை உள்ளே ஒரு சின்ன அட்டவணையில் இருக்கிறது. இன்னொரு நிறுவனத்தின் 7805 தாளில் வெப்பத் தடைக்கு வேறு எண் இருக்கலாம். இரண்டையும் கொண்டுவரும் மாணவர் அன்றைக்கு வகுப்பின் முதல் ஆள்.

நல்ல கேள்விக்கு மூன்று அடையாளம். விடை எண்ணாகவோ ஆம்/இல்லை என்றோ இருக்கும், எனவே சரிபார்க்கலாம். முதலில் தோன்றும் விடை தவறாக இருக்கும். விடைக்கு மூல ஆவணத்தைத் திறந்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு: சி மொழியில் −7/2 கொடுத்தால் −3 வருகிறது, பைத்தானில் −7//2 கொடுத்தால் −4 வருகிறது. எது தவறு? இரண்டு மொழியின் ஆவணத்திலும் இதற்கான வரியைக் காட்டு. (இரண்டும் சரி. சி பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுகிறது, பைத்தான் கீழ்நோக்கி இறங்குகிறது. மீதி எண்ணின் குறியும் இதனால் மாறும்.) மெக்கானிக்கலில்: 6205 என்ற எண்ணை மட்டும் வைத்து பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. என்று எப்படிச் சொல்வது? அதன் டைனமிக் லோடு ரேட்டிங் (சுழலும்போது தாங்கும் சுமையின் அளவு) டிசைன் டேட்டா புக்கிலும் உற்பத்தியாளரின் இன்றைய கேட்டலாக்கிலும் ஒன்றாக இருக்கிறதா, இல்லையென்றால் எதை எடுப்பாய்? சிவிலில்: ஒரே எம்30 கான்கிரீட் கலவையை ஐ.எஸ். 10262-இன் 2009, 2019 பதிப்புகளின்படி தனித்தனியே கணக்கிட்டு, எந்தப் படியில் எண் பிரிகிறது என்று குறி. இந்தியத் தரநிலைகளை அவற்றை வெளியிடும் பி.ஐ.எஸ். அமைப்பின் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

எந்தப் பகுதியை ஒப்படைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். போர்ஷன் முடியாமல் தொங்கும் ஐந்தாவது யூனிட்டைத் தூக்கி ‘செல்ஃப் ஸ்டடி’ என்று கொடுக்காதீர்கள். வாத்தியார் தப்பித்துக்கொள்கிறார் என்பது மாணவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. பின்னால் வரும் யூனிட்டுகள் நம்பியிருக்கும் அடிப்படைத் தேற்றங்களையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது யூனிட்டில், அடிப்படை முடிந்து பயன்பாடு தொடங்கும் இடம்தான் பொருத்தம்.

ஆறு பீரியட்

முதல் பீரியடில் ஆசிரியரே படிக்க வேண்டும், வகுப்பின் முன்னால், வாய்விட்டு. வேறொரு பாகத்தின் டேட்டாஷீட்டைத் திரையில் போட்டு, தலைப்பு, படம், அட்டவணை, அடிக்குறிப்பு என்று எந்த வரிசையில் கண்ணை ஓட்டுகிறீர்கள், எதைத் தாண்டிப் போகிறீர்கள், எங்கே புரியாமல் நிற்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே போங்கள். முன்கூட்டித் தயாரித்துவிட்டு வந்தால் இது பலிக்காது. வாத்தியார் திணறுவதை மாணவர் பார்த்ததே இல்லை. புரிந்தவருக்கு எல்லாம் முதல் வாசிப்பிலேயே புரிந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது பீரியடில் கேள்வியைக் கொடுத்து, நால்வர் குழுவாகப் பிரியுங்கள். 60 பேருக்கு 15 குழு. குழுவை நீங்களே பிரியுங்கள். அவர்களிடம் விட்டால் ஹாஸ்டல் அறைகளும் பஸ் ரூட்டுகளும்தான் குழுவாகும். அன்று தேடல் மட்டும். ஆதாரங்களை மூன்று அடுக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். மேலே தரநிலை, டேட்டாஷீட், மொழியின் அதிகாரபூர்வ ஆவணம். நடுவில் பாடநூலும் உற்பத்தியாளரின் பயன்பாட்டுக் குறிப்பும். கீழே வீடியோ, வலைப்பதிவு, சாட்பாட். கீழ் அடுக்கில் தொடங்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் விடையில் வரும் ஒவ்வொரு எண்ணும் மேல் அடுக்கின் ஒரு பக்க எண்ணில் போய் முடிய வேண்டும்.

பிறகு ஒரு வாரம் இடைவெளி. மூன்றாவது பீரியடில் குழுக்கள் அரைகுறை விடையோடு வரும். இங்கே ஆசிரியர் செய்ய வேண்டிய கடினமான வேலை, விடையைச் சொல்லாமல் இருப்பது. ‘இந்த எண் எந்த வெப்பநிலைக்கு?’ ‘அந்த அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்தாயா?’ என்று குழுவுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகருங்கள். 15 குழுவுக்கும் தலா மூன்று நிமிடம் சரியாக இருக்கும்.

நான்காவதில் குழுக்களைக் கலைத்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வேறொரு மேசைக்குப் போய்த் தன் விடையை விளக்க வேண்டும். பிபிடி வேண்டாம், காகிதமும் பேனாவும் போதும். ஐந்தாவதில் புத்தகத்தை மூடிவிட்டு 15 நிமிடத் தேர்வு, மீதி நேரத்தில் தாளைத் திருத்திக்கொண்டு ஏன் தவறியது என்று எழுதுவது. ஆறாவது பீரியட் உடனே வராது. இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல், அதே கருத்தில் வேறு எண்ணோடு தேர்வு: அடாப்டர் 9 வோல்ட் ஆனால்? (2 வாட், 130 டிகிரி உயர்வு, அறை வெப்பத்தோடு 165. இன்னும் முடியாது.) 7 வோல்ட் ஆனால்? (வெப்பம் 100 டிகிரியில் அடங்கும். ஆனால் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் சுமார் 2 வோல்ட் இடைவெளி வேண்டும், 7 வோல்ட் அதன் விளிம்பில் நிற்கிறது.)

இந்த இரண்டு வார இடைவெளி எதற்கு என்பதை மாணவரிடமே சொல்லிவிடலாம். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு நோட்ஸை மூன்று முறை ஓட்டுவது ஏன் பலன் தருவதுபோல் இருக்கிறது, அடுத்த செமஸ்டரில் ஏன் ஒன்றும் நினைவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஒரு பக்கத் தாள்

ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு ஏ4 பக்கம், கையால் எழுதித் தர வேண்டும். அதில் ஐந்து கட்டம்: தொடங்கும்போது என்ன நினைத்தேன்; எங்கெல்லாம் தேடினேன், எந்தப் பக்கம்; இரண்டு ஆதாரம் எங்கே முரண்பட்டது; நான் செய்த தவறு எது, எப்படித் தெரிந்தது; இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்று. ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் 60 தாளும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கங்களைக் கூட்டினால் நீங்களே இரண்டாவது முறை இதைச் செய்ய மாட்டீர்கள்.

மதிப்பெண் எங்கிருந்து வரும்? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடத்தின் ஒவ்வொரு இன்டர்னல் மதிப்பீட்டிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், கேஸ் ஸ்டடி, செமினார், மினி புராஜெக்ட் போன்றவற்றுக்கு 40 என்று பிரித்திருக்கிறார்கள். அந்த 40 வழக்கமாக எல்லோருக்கும் 36, 38 என்று போய்விடுகிறது. அதையே இதற்குப் பயன்படுத்துங்கள். பரிந்துரைக்கும் பங்கீடு: மூல ஆதாரத்துக்குப் பக்க எண்ணோடு போனதற்கு 10, தவறைக் கண்டுபிடித்து விளக்கியதற்கு 10, விளக்கிச் சொன்னதற்கும் குறுக்குக் கேள்விக்கும் 10, இறுதி விடை சரியாக இருந்ததற்கு 5, ஐந்தாவது கட்டத்துக் கேள்விக்கு 5. விடைக்கு வெறும் 5 என்பது வேண்டுமென்றே வைத்தது. அதை 25 ஆக்கினால் அன்று மாலையே ஒரு குழுவின் விடை வகுப்பு வாட்ஸாப்பில் வந்துவிடும்.

தவறுக்கு மதிப்பெண் தருவதில் ஒரு ஓட்டையும் உண்டு. சிலர் பொய்யாகத் தவறு தயாரிப்பார்கள். ‘முதலில் கவனக்குறைவாக இருந்தேன், பிறகு சரிசெய்தேன்’ என்பது தவறு அல்ல, மன்னிப்புக் கடிதம். எந்த எண், எந்த வரி, எதைப் பார்த்தபோது தவறு தெரிந்தது என்று இல்லாவிட்டால் பூஜ்ஜியம் போடுங்கள். இரண்டாவது சுற்றில் ஒழுங்காக எழுதுவார்கள்.

சாட்பாட்டைத் தடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பயன்படுத்தலாம், கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் தாளின் பின்பக்கம் எழுதிவிட வேண்டும், அதில் ஒரு தவறைக் கண்டுபிடித்தால் கூடுதல் மதிப்பெண் என்று சொல்லிவிடுங்கள். உண்மையான சோதனை 90 விநாடி வைவாவில் இருக்கிறது. ஒரு எண்ணை மட்டும் மாற்றிக் கேளுங்கள். தானே போட்டவர் கணக்கைத் திருப்பிப் போடத் தொடங்குவார், நகலெடுத்தவர் தாளைப் பார்ப்பார்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள்

பிளஸ் டூ வரை தமிழில் படித்த மாணவர் முதல் செமஸ்டரில் டேட்டாஷீட்டின் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவார். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆசிரியர்கள் செய்யும் பெரிய பிழை. ஆங்கிலமும் பொறியியலும் இரண்டு தனிச் சுமைகள், முதல் ஆண்டில் ஒன்றை இறக்கி வைக்க வேண்டும். ஒரு பக்கத் தாளைத் தமிழிலோ இரண்டும் கலந்தோ எழுதவிடுங்கள். கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சரியாக எழுதட்டும். மேசையில் விளக்குவதும் தமிழில் நடக்கட்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியிலேயே நடத்துகிறது, ஆக இது புதிய புரட்சி ஒன்றும் இல்லை.

வாசிப்புக்கு ஒரு வரிசை கொடுங்கள்: முதலில் படங்கள், பிறகு அட்டவணைத் தலைப்புகள், பிறகு அலகுகள், பத்திகள் கடைசியில். தொழில்நுட்ப ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் குறைவுதான். வாரம் பத்துச் சொல் வீதம் ஒரு செமஸ்டர் குறித்துவைத்தால், ‘குறைந்தபட்சம்’, ‘வழக்கமான’, ‘வரம்பு’, ‘இதைத் தவிர’, ‘எனக் கொண்டால்’ போன்ற நிபந்தனைச் சொற்கள் பழகிவிடும். டேட்டாஷீட்டில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இவற்றில்தான், கலைச்சொற்களில் அல்ல. ஆங்கிலத்தில் எழுதுவதை மூன்றாவது செமஸ்டரிலிருந்து கேளுங்கள்.

கையை எப்போது விடுவது

முதல் இரண்டு செமஸ்டரில் கேள்வியும் ஆதாரமும் ஆசிரியருடையது. மூன்று, நான்கில் கேள்வி ஆசிரியருடையது, ஆதாரம் மாணவர் தேடியது. ஐந்து, ஆறில் ஆசிரியர் எல்லையை மட்டும் வரைய, கேள்வியை மாணவர் எழுப்புவார். கடைசி ஆண்டில் புராஜெக்டில் தனக்குத் தெரியாத ஒன்றைத் தானே அடையாளம் கண்டு, எத்தனை நாளில் எதை வைத்துக் கற்பேன் என்று திட்டம் எழுதி, முடிவில் திட்டத்தையும் நடந்ததையும் ஒப்பிட வேண்டும். முதல் ஆண்டிலேயே ‘உனக்குப் பிடித்ததைக் கற்றுக்கொள்’ என்று விட்டால் பாதிப் பேர் கரையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். இறுதி ஆண்டிலும் ஆதாரத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தால் மிதவை இல்லாமல் நீந்த மாட்டார்கள். டிப்ளமோ முடித்து மூன்றாவது செமஸ்டரில் சேரும் லேட்டரல் மாணவர்களுக்கு முதல் கட்டம் தவறிப்போயிருக்கும். அவர்களுக்கு மட்டும் இரண்டு வாரத்தில் அதை ஒருமுறை நடத்திவிடுங்கள். லேபில் அவர்கள் கை தேர்ந்திருக்கும், குழுவுக்கு அது லாபம்.

ஒரே செமஸ்டரில் ஐந்து ஆசிரியரும் இதைத் தொடங்கினால் திட்டம் ஒரே மாதத்தில் சாகும். துறையில் ஒரு பட்டியல் போட்டு, ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்று நிறுத்துங்கள், இரண்டும் ஒரே வாரத்தில் மோதாமலும் பாருங்கள்.

என்.பி.டி.இ.எல். சான்றிதழ் பற்றி

ஐ.ஐ.டி.கள் நடத்தும் இந்த ஆன்லைன் பாடங்கள் நல்ல வளம்தான், நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்டில் 10-உம் தேர்வில் 30-உம் வேண்டும். அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமில் சுற்றுவது ஊரறிந்த விஷயம். ஆகவே 25-க்கு 24 எடுத்துத் தேர்வில் 32 எடுத்தவரின் சான்றிதழ் வாழ்நாள் கற்றலுக்குச் சாட்சி ஆகாது. பயன் வேண்டுமென்றால் செமஸ்டருக்கு ஒரே பாடம், நால்வர் குழு, வாரம் ஒருமுறை 30 நிமிடம் கூடி, கொடுத்த விடைகளைப் பார்க்காமல் முதலில் தாமே விடை எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டவரிடம் ஏன் விட்டார் என்று ஒரு பத்தி வாங்கிக்கொள்ளுங்கள். சில சமயம் அந்தப் பத்திதான் கோப்பிலேயே நேர்மையான தாள்.

எதிர்ப்பு வரும், தயாராக இருங்கள்

‘சார் பாடமே நடத்துவதில்லை’ என்று மூன்றாவது வாரத்தில் பேச்சு கிளம்பும். ஃபீட்பேக் மதிப்பெண் இறங்கும். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் டெலோரியே குழு செய்த ஆய்வில், தாமே செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை காதில் வழுக்கிக்கொண்டு போகும், புரிந்தது போலவே இருக்கும். இதை முதல் வாரமே வகுப்பில் சொல்லுங்கள், துறைத் தலைவரிடமும் ஃபீட்பேக் படிவம் வருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

இரவு பத்து மணிக்கு வாட்ஸாப்பில் வரும் சந்தேகத்துக்கு உடனே விடை தட்டிவிடும் நல்ல மனசு இந்தத் திட்டத்துக்கு எதிரி. ‘20 நிமிடம் முயன்று, என்னென்ன பார்த்தாய் என்று மூன்று வரி எழுதி அனுப்பு, பிறகு பேசலாம்’ என்று ஒரு விதி வையுங்கள். மூன்று வரி எழுதும்போதே பலருக்கு விடை கிடைத்துவிடும். வகுப்பில் உங்களுக்கே தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு, அடுத்த பீரியடில் எங்கே தேடினீர்கள் என்பதோடு விடையைக் கொண்டுவாருங்கள்.

பலன் தெரிந்ததா என்று பார்ப்பது

‘நான் ஒரு வாழ்நாள் கற்பவர்: ஒன்று முதல் ஐந்து வரை’ என்ற கூகுள் படிவத்தில் எல்லோரும் நான்கு போடுவார்கள். அதற்குப் பதில் ஆறாவது செமஸ்டரில் இதுவரை பார்த்தே இராத ஒரு பாகத்தின் டேட்டாஷீட்டையோ ஒரு தரநிலையின் பிரிவையோ கொடுத்து, 50 நிமிடத்தில் ஒரு கேள்விக்கு விடை கேளுங்கள். எந்தப் புத்தகமும் திறக்கலாம், பேசக் கூடாது. அந்தத் தாளையும் அதே மாணவர் மூன்றாவது செமஸ்டரில் எழுதிய ஒரு பக்கத் தாளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். நன்றாகச் செய்தது, நடுத்தரம், மோசம் என மூன்று ஜோடியைக் கோப்பில் வையுங்கள். முன்னாள் மாணவர் படிவத்திலும் மதிப்பெண் கேட்காமல், ‘கடந்த ஆறு மாதத்தில் வேலைக்காகப் புதிதாக எதைக் கற்றீர்கள், எதைப் பார்த்து?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

தாளின் ஐந்தாவது கட்டத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் விடை தெரியாமல் விட்ட 60 கேள்விகளில் ஐந்தாறு உருப்படியாக இருக்கும். அடுத்த பேட்சின் இரண்டாவது பீரியடில், எழுதிய சீனியரின் பெயரோடு, அவற்றையே கொடுக்கலாம்.